பெயர் சொல்லாமல் பெயர் பெறுதல்: சென்னை மேற்குப் புறநகரில் இணையப் பாதுகாப்பு ஆலோசகரின் நம்பகத்தன்மை

தற்புகழ்ச்சி எங்கே தகும் என்பதை நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் வரையறுத்திருக்கிறார். எத்தனை துறைகளை ஆராய்ந்து நூல் செய்தவராயினும் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகாது என்பது பொதுவிதி. அதற்கு நான்கு விலக்குகள் உண்டு: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவரிடையே இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, மாற்றான் தன்னைப் பழித்தபோது. இரண்டாவது விலக்கில்தான் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதியில் தனியாகத் தொழில் செய்யும் இணையப் பாதுகாப்பு ஆலோசகர் நிற்கிறார். அவருடைய ஆற்றலை அறியும் வழி வாடிக்கையாளருக்கு இல்லை. எனவே அவர் தம்மைப் பற்றிப் பேசுவதில் தவறில்லை. எதைப் பேசுகிறார் என்பதில்தான் அவருடைய நம்பகத்தன்மை அடங்கியிருக்கிறது.

வாங்கிய பின்னும் தரத்தை அறிய முடியாத சேவைகள் உண்டு என்று பொருளியலாளர்கள் டார்பியும் கார்னியும் 1973இல் எழுதினர். இணையப் பாதுகாப்பு அத்தகைய சேவை. ஆலோசகர் வந்துபோன ஆண்டில் டேலி கணக்குகள் ரேன்சம்வேரில் பூட்டப்படவில்லை என்றால், அது அவர் வேலையின் பலனா, தாக்குபவர் கண்ணில் படாத அதிர்ஷ்டமா? முதலாளியால் சொல்ல முடியாது. நல்லதையும் மட்டத்தையும் பிரித்தறிய முடியாத சந்தையில் மட்டமானதே நல்லதை விரட்டும் என்று அவர்களுக்கு மூன்று ஆண்டுகள் முன்பே பொருளியலாளர் அகர்லாஃப் காட்டியிருந்தார். அந்தச் சந்தையை இன்று அம்பத்தூரில் நேரிலேயே பார்க்கலாம்.

ஆனால் இதே வட்டாரம்தான் சொல்லை நம்பாமல் அளந்து பார்க்கும் பழக்கத்தில் நாட்டுக்கே முன்னோடி. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964 முதல் இயங்குகிறது. பக்கத்திலுள்ள பாடியின் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு 1998இல் தர மேலாண்மைக்கான டெமிங் பரிசு பெற்றது. இங்கே ஒரு லேத் பட்டறைக்காரர் ஆர்டர் வாங்க வேண்டுமானால் முதல் சாம்பிளைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு அளவையும் குறித்த இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் தர வேண்டும். அளந்த கருவிக்குக் காலிபிரேஷன் சான்று காட்ட வேண்டும். "நான் முப்பது வருஷமா செய்றேன் சார்" என்ற பேச்சுக்கு மதிப்பெண் கிடையாது. இவ்வளவு கறாரான அதே முதலாளி, பாதுகாப்பு ஆலோசகரை விசிட்டிங் கார்டில் பெயருக்குப் பின்னால் நிற்கும் எழுத்துகளைப் பார்த்து அமர்த்துகிறார். ஆலோசகர் தரும் ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்ல நிறுவனத்தில் ஆள் இல்லை என்பதே காரணம்.

அந்த எழுத்துகளும் ஒரே எடையுள்ளவை அல்ல. சிஇஎச் சான்றிதழுக்கான எழுத்துத் தேர்வு நான்கு மணி நேரத்தில் 125 கொள்குறி வினாக்களைக் கேட்கிறது. ஓஎஸ்சிபி சான்றிதழ்த் தேர்வு ஏறத்தாழ ஒரு முழுநாள் கணினிகளை உடைத்துக் காட்டச் சொல்லி, பிறகு அறிக்கையும் எழுதச் சொல்கிறது. அரசின் செர்ட்-இன் அமைப்பு தணிக்கையாளர் பட்டியல் வைத்திருக்கிறது. ஆனால் அதில் இடம்பெறுபவை நிறுவனங்கள். தனியாளுக்கு அந்த முத்திரை கிடைக்காது.

முத்திரை கிடைக்காதவர் அடுத்து எடுப்பது வாடிக்கையாளர் பட்டியல். இங்கேதான் பெரிய முரண் இருக்கிறது. ஆவடியில் 1961இல் தொடங்கப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலை, 2021 அக்டோபர் முதல் கவச வாகன நிகாம் நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. அங்கே உருவாகும் பீரங்கி வண்டிக்கு உதிரிபாகம் செய்து தரும் ஒரு சிறு ஆலையின் கணினிகளை இன்னார்தான் பார்த்துக்கொள்கிறார் என்று வெளியே தெரிந்தால், தாக்குபவருக்குப் பாதி வேலை முடிந்தது: ஆலையை விட்டுவிட்டு ஆலோசகரின் மடிக்கணினியைக் குறிவைத்தால் போதும். ஆகவே அனுமதியின்றி வாடிக்கையாளர் பெயர்களை அடுக்கும் ஆலோசகர் தம் தகுதிக்கென்று நீட்டும் சான்றே அவருடைய தகுதியின்மைக்குச் சான்றாகிவிடுகிறது. பிற தொழில்களில் பெருமையாக எண்ணப்படுவது இத்தொழிலில் கசிவு.

அதைவிடக் கெட்டது அச்சத்தை விற்பது. கேட்காமலே ஒரு நிறுவனத்தின் இணையதளத்தை ஸ்கேன் செய்து, "உங்க சைட்டுல ஓட்டை இருக்கு" என்று கொட்டேஷனோடு வந்து நிற்பவர்கள் உண்டு. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ள 250 கோடி ரூபாய் அபராதத்தை அவர்கள் சொல்வார்கள். அது உச்சவரம்பு என்பதைச் சொல்ல மாட்டார்கள். உரிமையாளர் அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்படி இழப்பீட்டுக்குரியது. நேர்மையற்ற நோக்கமும் சேர்ந்தால் 66ஆம் பிரிவின்படி குற்றம். கதவை நெம்பிப் பார்த்துவிட்டுக் காவல் வேலை கேட்பதை நான் விளம்பரம் என்று ஏற்கமாட்டேன்.

எது தகும் விளம்பரம் என்பதற்குச் சென்னையிலேயே முன்மாதிரி இருக்கிறது. ஆய்வாளர் லட்சுமண் முத்தையா 2019இல் இன்ஸ்டாகிராமின் கடவுச்சொல் மீட்பு முறையில் ஒரு குறையைக் கண்டார். ஆறிலக்கக் குறியீடு என்பதால் பத்து லட்சம் வாய்ப்புகள்; பத்து நிமிடத்தில் காலாவதியாகும். ஒரே முகவரியிலிருந்து அடுத்தடுத்து முயன்றால் தடுக்கப்படும். அவர் ஆயிரம் ஐபி முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு லட்சம் முயற்சிகளை அனுப்பிக் காட்டினார். முழுத் தாக்குதலுக்கு ஐயாயிரம் முகவரிகள் வேண்டும், செலவு சுமார் 150 டாலர் என்று கணக்கும் கொடுத்தார். குறை சரிசெய்யப்பட்ட பிறகே வெளியிட்டார். ஃபேஸ்புக் 30,000 டாலர் வழங்கியது. அவருடைய குறிப்பில் தன்னைப் பற்றிய அடைமொழி தேவைப்படவில்லை. செய்முறையை எவரும் சரிபார்க்கலாம். 2021இல் தாம்பரத்துப் பள்ளி மாணவர் ஒருவரும் ரயில்வே முன்பதிவுத் தளத்தில் பிறர் பயணச்சீட்டு விவரங்கள் தெரியும் குறையைக் கண்டு செர்ட்-இன்னிடம்தான் முதலில் சொன்னார். இருவருமே உரியவரிடம் முதலில் சொன்னவர்கள்.

பெரிய தளத்தில் குறை காண்பவருக்குப் பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையின் பேக்கப்பைச் சீராக்கத் தெரியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு குறையைக் கண்டுபிடிப்பது கூர்மைக்குச் சான்று. அன்றாடப் பராமரிப்புக்குச் சான்றாகாது. அதற்கு வேறு சாம்பிள் வேண்டும். ஆலோசகர் தம் சொந்தச் சோதனைக் கணினியில் ஒரு சிறு நிறுவனத்தின் அமைப்பை உருவாக்கி, அதன்மேல் எழுதிய முழு அறிக்கையை எவரிடமும் காட்டலாம். அதில் எந்த வாடிக்கையாளரின் ரகசியமும் இல்லை. அந்த அறிக்கையில் நான் முதலில் தேடுவது "சோதிக்காதவை" என்ற பகுதியை. அது இல்லாத அறிக்கை, கருவி அச்சிட்டுத் தந்த இருநூறு பக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அடுத்து மறுசோதனை: திறந்து கிடந்த ரிமோட் டெஸ்க்டாப் வாயில் இன்ன தேதியில் மூடப்பட்டது, பேக்கப்பிலிருந்து டேலி கோப்பு இன்ன நாளில் மீட்டெடுத்துப் பார்க்கப்பட்டது என்ற வரிகள். இவற்றைப் புரிந்துகொள்ள முதலாளிக்குக் கணினி அறிவு தேவையில்லை.

அறிக்கையைப் படிக்க ஆள் இல்லாத குறையைத் தனி நிறுவனங்களால் தீர்க்க முடியாது. அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம் போன்ற அமைப்புகள், ஆலோசகர்கள் தரும் மாதிரி அறிக்கைகளை உறுப்பினர்களுக்காகப் படித்துக் கருத்துச் சொல்லும் ஒரு சிறு குழுவை அமைக்க வேண்டும். அதுவரை, ஆலோசகரை அழைக்கும் முதலாளிகள் அவருடைய வாடிக்கையாளர் யார் யார் என்று கேட்பதை விட்டுவிட்டு, மாதிரி அறிக்கையைக் கேட்கட்டும்.