முதல்நூல், வழிநூல், விளையாட்டு: கணினி விளையாட்டுகளின் கன்சோல் வடிவங்கள் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கணினிக்கென உருவான விளையாட்டு, தொலைக்காட்சியோடு இணைக்கும் கன்சோல் கருவிக்கு மாற்றப்படும்போது மூலத்தைவிடச் சிறக்க இயலுமா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. தொல்காப்பிய மரபியல் வழிநூலுக்குக் கூறும் நான்கு வகைகளை அளவுகோலாகக் கொண்டு நான்கு விளையாட்டுகளின் கன்சோல் வடிவங்கள் மூலத்தோடு ஒப்பிடப்படுகின்றன. ஆடும் அனுபவத்தில் வழிவடிவம் மூலத்தை விஞ்சுவதற்குச் சான்றுகள் உள்ளன என்பதும், பிறர் மேலும் படைப்பதற்கு இடந்தரும் தன்மையில் மூலமே மேம்பட்டு நிற்கிறது என்பதும் இதன் முடிவுகள்.

திறவுச்சொற்கள்: வழிநூல், கன்சோல், கணினி விளையாட்டு, தொகைவிரி, உப்பிலியபுரம், ஆவணப்படுத்தல்.

முன்னுரை

திருவரங்கம் கோயிலில் தாயார் சந்நிதிக்கு எதிரே கம்பர் மண்டபம் உள்ளது. கம்பர் தம் இராமகாதையை இங்கேதான் அரங்கேற்றினார் என்பது மரபு. வான்மீகத்தில் இல்லாத இரணியன் வதைப் படலத்தை அவையினர் ஏற்கத் தயங்கினர் என்றும், அருகில் கோயில்கொண்டுள்ள மேட்டழகிய சிங்கர் தலையசைத்து அதனை ஏற்றருளினார் என்றும் தலவழக்குக் கூறும். இச்செய்தி வரலாற்று நிகழ்வா என்பது இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள் அன்று. முதல்நூலில் இல்லாத ஒன்றை வழிநூல் சேர்க்கலாமா, சேர்த்தால் அது குறையா நிறையா என்னும் வழக்கை இம்மரபு பாதுகாத்து வைத்துள்ளது என்பதே இங்குக் கருதத்தக்கது.

இதே வழக்கு கடந்த நாற்பது ஆண்டுகளாகக் கணினி விளையாட்டுத் துறையிலும் நடந்துவருகிறது. கணினிக்கென எழுதப்பட்ட விளையாட்டைக் கன்சோலுக்கு மாற்றுவோர், விசைப்பலகையும் சுட்டியும் இல்லாத கருவிக்கு, குறைந்த நினைவகத்துக்கு, வீட்டுக் கூடத்தில் சற்றுத் தள்ளியமர்ந்து ஆடும் பழக்கத்துக்கு ஏற்ப அதனைத் திருத்த வேண்டியிருந்தது. அத்திருத்தம் எப்போதும் இழப்பே என்பது கணினிப் பயனரிடையே பரவலான கருத்து. இக்கருத்தைச் சான்றுகளோடு மறுபரிசீலனை செய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

வழிநூல் என்னும் அளவுகோல்

தொல்காப்பியம் மரபியலில் நூலை முதல், வழி என இரண்டாகப் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக வகுக்கிறது. பிற்காலத்து நன்னூல் இவற்றோடு சார்புநூலையும் சேர்க்கிறது. வழிநூல் முதல்நூலின் பொருளோடு முற்றும் ஒத்திருத்தலோடு, பின்னோன் தான் விரும்பும் வேறுபாடுகளையும் கூறலாம் என்பது நன்னூலார் கருத்து. வேறுபாட்டை வழுவாகக் கொள்ளாமல் வழிநூலின் இலக்கணத்திற்குள்ளேயே அவர் அடக்குகிறார். நூலுக்குச் சொன்ன இலக்கணத்தை விளையாட்டுக்கு அப்படியே பொருத்துதல் இயலாது. எனினும், எது மூலம் எது நகல் என்னும் எளிய எதிர்நிலையைக் கடந்து, மாற்றத்தின் தன்மையை வகைப்படுத்த இப்பகுப்பு உதவுகிறது.

விரித்தல்: பிரின்ஸ் ஆஃப் பெர்சியா

ஜோர்டன் மெக்னர் உருவாக்கிய பிரின்ஸ் ஆஃப் பெர்சியா 1989-இல் ஆப்பிள் 2 கணினிக்கு வெளிவந்தது. தம் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் ஒளிப்பதிவு செய்து, அப்படங்களிலிருந்து அவர் கதைத்தலைவனின் அசைவுகளை வரைந்தார். 12 கட்டங்களை 60 நிமிடத்தில் கடந்து இளவரசியை மீட்க வேண்டும். 1992-இல் வெளிவந்த சூப்பர் நிண்டெண்டோ வடிவம் கட்டங்களை 20 ஆக்கி, காலத்தை 120 நிமிடமாக்கியது. புதிய பொறிகளும் புதிய எதிரிகளும் சேர்ந்தன.

இவ்விரிவு சிறப்பா? மூலத்தில் ஒரு கட்டத்துக்குச் சராசரி 5 நிமிடம். வழிவடிவத்தில் 6 நிமிடம். நெருக்கடி சற்றே தளர்ந்தது என்றாலும் சிதையவில்லை. மாற்றியோர் கட்டங்களைப் பெருக்கும்போது கடிகாரத்தையும் உடன் திருத்தியதே இதற்குக் காரணம். ஆயினும் ஒரு மணி நேரம் என்னும் ஒற்றைக் கெடு கதைக்குத் தந்த இறுக்கம் இரண்டு மணி நேரத்தில் அதே அளவில் இல்லை. ஆடுவதற்குரிய பொருள் மிகுந்தது. கதைக்கட்டு சற்று நெகிழ்ந்தது.

தொகுத்தல்: டூம்

1993 டிசம்பரில் கணினிக்கு வெளிவந்த டூம், 1995-இல் சூப்பர் நிண்டெண்டோவுக்கு வந்தது. நிரலாளர் ராண்டி லிண்டன் மூலநிரலைப் பயன்படுத்தாமல், தாமே புதிய இயங்குநிரலை எழுதினார். கேசட்டுக்குள்ளேயே கூடுதல் சில்லு ஒன்று பொருத்தப்பட்டது. அப்படியிருந்தும் தரை, கூரை ஆகியவற்றின் மேற்பரப்பு ஓவியங்கள் நீக்கப்பட்டன. சில கட்டங்கள் விடுபட்டன. எதிரிகள் எப்போதும் ஆடுபவரை நோக்கியே நிற்பவராயினர். நிரலாளரின் திறம் வியக்கத்தக்கது என்றாலும் விளைந்த ஆட்டம் மூலத்தினும் குறைந்ததே.

அதே ஆண்டில் வெளிவந்த பிளேஸ்டேஷன் வடிவம் வேறு வழியில் சென்றது. அறைகளுக்கு வண்ண ஒளி சேர்க்கப்பட்டது. விரைவான இசைக்கு மாற்றாக ஆப்ரி ஹாட்ஜஸ் அமைத்த இருண்ட, மெல்லிய ஒலிச்சூழல் இடம்பெற்றது. வீரவிளையாட்டாக இருந்த ஒன்று அச்சச்சுவைக்கு நகர்ந்தது. ஒரே மூலத்துக்கு ஒரே ஆண்டில் இரு வழிவடிவங்கள் தோன்ற, ஒன்று குறுக்கமாகவும் மற்றொன்று புதிய சுவையாகவும் அமைந்தன. ஆகவே கன்சோல் வடிவம் என்பதாலேயே ஒரு விளையாட்டின் தரத்தைத் தீர்மானிக்க இயலாது.

தொகைவிரி: சிம்சிட்டி

வில் ரைட் வடிவமைத்த சிம்சிட்டி 1989-இல் கணினிக்கு வந்தது. நகரொன்றைத் திட்டமிட்டு ஆளும் இவ்விளையாட்டில் வென்று முடிக்கும் எல்லை என ஒன்றில்லை. நிண்டெண்டோ நிறுவனத்தார் ரைட்டோடு கலந்து உருவாக்கிய சூப்பர் நிண்டெண்டோ வடிவம் 1991-இல் வெளிவந்தது. கணினியில் நிலப்பரப்பைத் தானே வரைந்துகொள்ள இருந்த வாய்ப்பு இதில் இல்லை. எண்ணிட்ட ஆயத்த வரைபடங்களுள் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். இது தொகை.

விரியோ குறிப்பிடத்தக்கது. டாக்டர் ரைட் என்னும் அறிவுரையாளர் புதிய மேயருக்கு வழிகாட்டுகிறார். பருவங்கள் மாற, நிலத்தின் நிறம் மாறுகிறது. ஊர் வளர வளரச் சோயோ ஓகா அமைத்த இசையும் மாறுகிறது. மக்கள்தொகை பெருகும்போது சிறப்புக் கட்டடங்கள் பரிசாகக் கிடைக்கின்றன. 5,00,000 எட்டினால் மாரியோவின் சிலை. கையேட்டைப் படித்தே புரிந்துகொள்ள வேண்டியிருந்த ஒரு மாதிரியமைப்பை, கையேடில்லாத சிறுவரும் ஆடிக் கற்கும் வகையில் இச்சேர்க்கைகள் மாற்றின. விதிகளின் உட்கூறு பெரிதும் மாறவில்லை. அவற்றை அணுகும் வாயில் அகன்றது. எடுத்துக்கொண்ட நான்கனுள், மூலத்தின் பொருளைக் கெடுக்காமல் வேறுபாடு சேர்த்த வழிநூலுக்கு இதுவே சிறந்த எடுத்துக்காட்டு.

மொழிபெயர்ப்பு: டயாப்லோ 3

2012 மே 15-இல் கணினிக்கு வெளிவந்த டயாப்லோ 3, எப்போதும் இணைய இணைப்பைக் கோரியது. ஆட்டத்தில் கிடைக்கும் ஆயுதங்களை உண்மைப் பணத்துக்கு விற்கும் ஏலச்சந்தையும் அதில் இருந்தது. போரிட்டுப் பெறுவதைவிடச் சந்தையில் வாங்குவது எளிதாயிற்று. போரிடுவதன் பயன் தேய்ந்தது. விளையாட்டின் நெறியாளராக இருந்த ஜே வில்சனே 2013-இல் அச்சந்தை ஆட்டத்தைப் பாதித்ததை ஒப்புக்கொண்டார்.

2013 செப்டம்பரில் வந்த கன்சோல் வடிவம் சுட்டியின் மொழியைக் கைக்கருவியின் மொழிக்குப் பெயர்த்தது. இடத்தைச் சுட்டிச் சொடுக்குவதற்கு மாற்றாகக் குச்சியைத் தள்ளி நேரே நடக்கலாம், தாக்குதலிலிருந்து உருண்டு விலகலாம், ஒரே தொலைக்காட்சியின் முன் நால்வர் அமர்ந்து ஆடலாம், இணையம் வேண்டியதில்லை. ஏலச்சந்தை இல்லை. ஆயுதங்கள் எண்ணிக்கையில் குறைந்தும் தரத்தில் உயர்ந்தும் கிடைத்தன. 2014 மார்ச் 18-இல் கணினி வடிவத்தின் ஏலச்சந்தையும் மூடப்பட்டது. ஆயுதம் வழங்கும் முறையும் அவ்வாண்டு திருத்தப்பட்டது. கன்சோல் வடிவத்துக்குத் தலைமையேற்ற ஜாஷ் மொஸ்கீரா பின்னர் முழு விளையாட்டுக்கும் நெறியாளரானார். வழிநூலைப் பார்த்து முதல்நூல் திருத்தப்பட்ட அரிய நிகழ்வு இது. கன்சோல் வடிவம் மூலத்தை மேம்படுத்த இயலும் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை.

உப்பிலியபுரத்தில் காண்ட்ரா

மேற்கண்ட ஒப்பீடுகள் யாவும் இரு வடிவங்களையும் அறிந்தவரின் பார்வையில் அமைந்தவை. தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் அனுபவம் வேறு. தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் 2006-இல் தொடங்கியது; மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011-இல் தொடங்கியது. பல எளிய வீடுகளுக்குக் கணினிக்கு முன் தொலைக்காட்சி வந்தது. அதனோடு இணைக்கத்தக்க, நிண்டெண்டோவின் 8 பிட் கருவியை நகலெடுத்த மலிவு விலைக் கருவிகளும் வந்தன.

துறையூர் வட்டம் உப்பிலியபுரத்தில் வளர்ந்த இக்கட்டுரையாளர் விளையாட்டுகளை முதலில் அறிந்தது அத்தகைய கருவியில்தான். நாங்கள் அதனை ‘டிவி கேம்’ என்றும், அதில் செருகுவதைக் ‘கேசட்’ என்றும் அழைத்தோம். கேசட்டை ஊதிச் செருகி, இருவராகச் சேர்ந்து காண்ட்ரா ஆடுவோம். காண்ட்ரா ஒரு வழிவடிவம் என்பது எங்களுள் எவருக்கும் தெரியாது. கொனாமி நிறுவனம் அதனை 1987-இல் காசு போட்டு ஆடும் கடைப்பொறிக்கென வெளியிட்டது; வீட்டுக் கருவிக்கு 1988-இல் வந்தது. கட்டங்கள் நீட்டித்துத் திருத்தப்பட்ட அந்த வீட்டு வடிவமே உலகெங்கும் நிலைத்த புகழ் பெற்றது. அது கணினியிலிருந்து வந்ததன்று எனினும், மூலத்தைக் கண்டிராத ஆடுநர்க்கு வழிவடிவமே மூலமாகிவிடும் என்பதை அது காட்டுகிறது. வான்மீகத்தைப் படிக்காமல் கம்பனில் இராமனைக் கண்ட தமிழ் வாசகரின் நிலையும் இதுவே. சிறந்ததா தாழ்ந்ததா என்னும் வினா எழுவதற்கே இரண்டையும் பெறும் வசதி தேவை. அவ்வசதி எல்லார்க்கும் ஒருங்கே கிட்டியதில்லை.

திறந்த நூலும் மூடிய நூலும்

இங்கு ஒரு மறுப்பைக் கருத வேண்டும். டூமின் கணினி வடிவம் கட்டங்களையும் ஓவியங்களையும் தனிக்கோப்பில் வைத்திருந்ததால், ஆடுநரே புதிய கட்டங்களை உருவாக்கிப் பகிர்ந்தனர். 1997-இல் அதன் மூலநிரலும் வெளியிடப்பட்டது. ஹாஃப்-லைஃப் என்னும் கணினி விளையாட்டை ஆடுநர் திருத்தியமைத்ததில் 1999-இல் பிறந்ததே கவுண்டர்-ஸ்ட்ரைக். சூப்பர் நிண்டெண்டோ கேசட்டில் இதற்கு வழியில்லை. லிண்டன் தம் டூம் நிரலைப் பொதுவில் வெளியிட்டது 2020-இல்தான். பிற்காலத்தில், 2016 முதல் ஃபால்அவுட் 4 போன்ற சில, கன்சோலிலும் ஆடுநரின் திருத்தங்களை ஏற்றன. அதுவும் நிறுவனங்கள் அனுமதித்த எல்லைக்குள்.

கம்பனின் வழிநூல் தன்னோடு நின்றுவிடவில்லை. பாலக்காட்டுத் தோற்பாவைக்கூத்துக் கலைஞர் அவன் பாடல்களைக் கொண்டே இன்றும் கூத்து நிகழ்த்துகின்றனர். வழிநூல் பிறிதொன்றுக்கு முதல்நூலாகும் இத்தொடர்ச்சி கன்சோல் வடிவங்களில் பெரும்பாலும் அறுபடுகிறது. மடிக்கணினி பெற்ற மாணவர் விளையாட்டை ஆடுவதோடு, முயன்றால் ஒன்றை எழுதவும் முடிந்தது. ‘டிவி கேம்’ ஆடிய எங்களுக்கு அவ்வாய்ப்பு இல்லை. கன்சோலின் மேம்பாட்டைப் போற்றும்போது இவ்விலையையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படுவன:

1. கன்சோல் வடிவம் கணினி மூலத்தை மேம்படுத்த இயலும். சிம்சிட்டியும் டயாப்லோ 3-உம் இதற்குச் சான்று. பெறும் கருவியின் இயல்பை ஏற்று, அதற்கேற்ப விதிகளையும் அணுகுமுறையையும் மீண்டும் எண்ணிய இடத்தில் மேம்பாடு நிகழ்ந்துள்ளது.

2. மூலத்தை இயன்றவரை அப்படியே சிறிய கருவியில் அடக்க முயன்ற இடத்தில், நிரலாளரின் திறம் மிக்கிருந்தும், ஆட்டம் குறைந்துள்ளது.

3. ஆடும் இன்பத்தில் பெற்ற மேம்பாடு, பிறர் மேலும் படைக்கும் உரிமையை இழந்தே பெரும்பாலும் பெறப்பட்டது.

4. விளையாட்டு வரலாற்றை எழுதுவோர் மூல வடிவத்தை மட்டும் ஆவணமாகக் கொண்டால், தமிழ்நாட்டார் உண்மையில் ஆடிய வடிவங்கள் வரலாற்றிலிருந்து விடுபடும்.

நான்காவது முடிவு உடனடிச் செயலை வேண்டுவது. டொராண்டோவில் வாழும் தமிழ்க் குடும்பத்தின் கதையைக் கூறும் வெண்பா என்னும் விளையாட்டு 2023-இல் கணினிக்கும் கன்சோல்களுக்கும் ஒருசேர வெளிவந்தது. அதற்கு இணையத்தில் பதிவுகள் உள்ளன. பின்வரும் ஆய்வாளர் அதனை எளிதில் தேடிப் பெறுவர். நகல் கருவிகளுக்கும், பெயரும் ஆண்டும் அச்சிடப்படாத கேசட்டுகளுக்கும் அத்தகைய பதிவு இல்லை. அவை பழுதுபார்க்கும் கடைகளிலும் வீட்டுப் பரண்களிலும் சிதைந்துவருகின்றன. பல்கலைக்கழகத் துறைகள் தம் மாணவரைக் கொண்டு அந்தந்த வட்டார அளவில் இவற்றைத் திரட்டி, எந்த ஊரில், எந்த ஆண்டுகளில், எந்த வடிவம் ஆடப்பட்டது என்பதை ஆடியவர் வாய்மொழியோடு பதிவுசெய்தல் வேண்டும்.