மூன்றெழுத்துத் துக்கம்

என் பால்ய சிநேகிதர் ஒருவர் சென்ற மாதம் காலமானார். பெங்களூரில் இருக்கும் என் பேரனுக்குக் கைபேசியில் செய்தி அனுப்பினேன். அவர் மடியில் வளர்ந்த பிள்ளை அவன். பதிலுக்கு 'ஓ.எம்.ஜி.' என்று மூன்றே எழுத்து வந்தது. 'அட கடவுளே' என்று பொருள்படும் இங்கிலீஷ் சொற்களின் தலையெழுத்துகளாம். தலையெழுத்துத்தான் என்று நொந்துகொண்டேன்.

தூக்கம் வரவில்லை. இந்த இண்டர்நெட் பாஷையைக் கண்டித்து எழுதியே தீருவது என்று புத்தகங்களைப் புரட்டினேன். வகையாக அகப்பட்டுக்கொண்டேன்! 1917 செப்டம்பரில், உலக யுத்தத்தின் நடுவே, பிரிட்டிஷ் கடற்படையை நடத்திய பிஷர் பிரபு சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்திலேயே இந்த மூன்றெழுத்து இருக்கிறது. புதிதாக ஒரு பட்டம் வரப்போகிறதென்று கேள்விப்பட்டுக் கேலியாக எழுதியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 76. ஆனால் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் அதன் விரிவையும் போட்டுவிட்டார். பெரிய மனிதர் அல்லவா! 2011 மார்ச்சில் ஆக்ஸ்போர்டு அகராதி இந்தச் சொல்லைச் சேர்த்தபோது, இந்தக் கடிதத்தைத்தான் சாட்சிக்கு அழைத்தது.

'ஓ.கே.'யின் பூர்வோத்தரம் இன்னும் மோசம். 'எல்லாம் சரி' என்பதற்கான இங்கிலீஷ் சொற்களை வேண்டுமென்றே 'ஓல் கொரெக்ட்' என்று பிழையாக்கி, அந்தப் பிழையைச் சுருக்கி விளையாடினார்கள் பாஸ்டன் நகரத்துப் பத்திரிகைக்காரர்கள். அது அச்சேறியது 1839 மார்ச் 23-இல். அடுத்த வருஷம் ஜனாதிபதி வான் பியூரனின் கட்சிக்காரர்கள் அதைத் தேர்தல் கோஷமாக்கினார்கள். அவர் பிறந்த ஊர் கிண்டர்ஹூக். 'ஓல்டு கிண்டர்ஹூக்' என்ற செல்லப் பெயருக்கும் அதே இரண்டெழுத்துத்தானே! தேர்தலில் அவர் தோற்றார், சொல் ஜெயித்தது. இன்று உத்தியோகக் கடிதத்தில் அதைப் பார்த்து முகம் சுளிப்பவர் எத்தனை பேர்?

இவ்வளவும் படித்த பிறகு, பெட்டியடியில் கிடந்த பழைய தந்தி ஒன்றை எடுத்தேன். என் தகப்பனார் போனபோது அண்ணா கொடுத்தது. 'பாதர் எக்ஸ்பயர்ட் ஸ்டார்ட் இமீடியட்லி.' நாலே சொல். சொல்லுக்குச் சொல் காசு என்பதால் யாரும் அண்ணாவுக்குப் பாசம் குறைவு என்று சொல்லவில்லை. 2013 ஜூலையில் தந்தியே நின்றுவிட்டது. 'எக்ஸ்பயர்ட்' மட்டும் நம் வீடுகளில் இன்னும் நிற்கிறது.

பேரனுக்கு எழுத்துக்குக் காசில்லையே என்று மனம் மறுபடியும் வாதாடியது. விடிகாலை ஐந்து மணிக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கண் சிவந்து இறங்கினான்.

"ஏண்டா, வருகிறேன் என்று ஒரு வரி எழுதக்கூடாதா?"

"என்ன எழுதறதுன்னு தெரியலை தாத்தா. பஸ் ஏறிட்டேன்" என்றான்.