குண்டே போடாமல் துப்பாக்கிப் பயிற்சி! வீட்டிலேயே செய்யும் ‘டிரை ஃபயர்’... எப்படி? எதில் கவனம் தேவை?

ஓசூர் - ராயக்கோட்டை சாலையில் இருக்கும் உத்தனப்பள்ளி போன்ற ஊரில் இருந்துகொண்டு, ஷிஃப்ட் வேலைக்கும் போய்க்கொண்டு, ஏர் பிஸ்டல் பழகுவது லேசான காரியம் இல்லை. ரேஞ்சுக்குப் போக ஒரு லீவு நாளையே ஒதுக்கணும். பெங்களூரு பக்கம் என்றால் அத்திப்பள்ளி டிராஃபிக்கிலேயே பாதி நாள் போய்விடும். அப்போ மற்ற ஆறு நாள்?

அதற்குத்தான் ‘டிரை ஃபயர்’. துப்பாக்கியில் பெல்லட் போடாமல், குறி பார்த்து டிரிகரை மட்டும் அழுத்திப் பழகுவது. கேட்டால் விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் 2020 ஊரடங்கில் ரேஞ்சுகள் மூடப்பட்டபோது நம் முன்னணி வீரர்களுக்கே இதுதான் கைகொடுத்தது.

சுடாமல் எப்படி முன்னேற முடியும்?

10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 11.5 மி.மீ. ஒரே கையால் பிடித்துத்தான் சுட வேண்டும். கை ஆடத்தான் செய்யும். ஒலிம்பிக் வீரர்களுக்கும் ஆடும். அது பெரிய பிரச்னை இல்லை. கணக்கைப் பாருங்கள்: துப்பாக்கி திரும்பாமல், கை அப்படியே 5 மி.மீ. நகர்ந்தால், பெல்லட்டும் 5 மி.மீ.தான் விலகும். அப்போதும் 10 புள்ளி கிடைக்கும்.

ஆனால் துப்பாக்கியின் முன்சைட், பின்சைட்டின் பள்ளத்துக்குள் 1 மி.மீ. விலகினால் கதையே வேறு. இரண்டு சைட்டுக்கும் இடையே சுமார் 33 செ.மீ. தூரம். அங்கே 1 மி.மீ. தப்பினால், 10 மீட்டரில் கிட்டத்தட்ட 30 மி.மீ. தள்ளிப் போகும். 10 விழ வேண்டிய இடத்தில் 7. அந்த 1 மி.மீ. பெரும்பாலும் எப்போது விலகுகிறது? டிரிகரை வெடுக்கென்று இழுக்கும் அந்தக் கடைசி நொடியில்.

ரேஞ்சில் சுடும்போது இது கண்ணில் படாது. சத்தம், அதிர்வு, ‘எத்தனை விழுந்துச்சு’ என்ற ஆசை எல்லாம் சேர்ந்து தப்பை மறைத்துவிடும். டிரை ஃபயரில் மறைக்க எதுவும் இல்லை. ‘க்ளிக்’ கேட்கும் நொடியில் முன்சைட் துள்ளினால் அப்படியே தெரியும்.

இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்கு மதிப்பு உண்டா என்றால், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கை நினைத்துப் பாருங்கள். மனு பாக்கர் 221.7 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றார். அடுத்த இடத்துக்கும் அவருக்கும் வித்தியாசம் 0.1 புள்ளி. டார்கெட்டில் அது 1 மி.மீ. கூட இல்லை.

வீட்டில் எப்படிச் செய்வது?

முதலில் வெறும் வெள்ளைச் சுவர் போதும். ஆரம்பத்திலேயே டார்கெட் ஒட்டினால் கண் அங்கேயே ஓடிவிடும். பார்க்க வேண்டியது முன்சைட்டை. நிற்கும் நிலை சரியா என்று தெரிய, கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கி, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். துப்பாக்கி இடப்பக்கமோ வலப்பக்கமோ போயிருந்தால் கையைத் திருப்பாதீர்கள், காலை நகர்த்துங்கள்.

டிரிகரை ஒரே சீராக அழுத்த வேண்டும். விதிப்படி அதற்குக் குறைந்தது 500 கிராம் அழுத்தம் தேவை, அதாவது அரை லிட்டர் தண்ணீரின் எடை. ‘க்ளிக்’குக்குப் பிறகும் இரண்டு நொடி அப்படியே நில்லுங்கள். 8, 10 நொடிக்குள் அழுத்த முடியவில்லை என்றால் கையை இறக்கிவிடுங்கள். புதிதாகப் பழகுபவர்கள் அதிகம் சொதப்புவது இங்கேதான். ‘தூக்கியாச்சு, அழுத்திடுவோம்’ என்ற அவசரம். இறக்கப் பழகுவதும் பயிற்சிதான்.

டார்கெட் ஒட்டும் கட்டம் வந்தால் அளவைச் சுருக்குங்கள். அசலில் கறுப்பு வட்டம் 59.5 மி.மீ. 5 மீட்டர் தூரத்துக்கு 30 மி.மீ., சின்ன ஹாலில் 3 மீட்டர்தான் கிடைக்கும் என்றால் 18 மி.மீ. போதும்.

தினமும் 20 நிமிடம் தாராளம். நைட் ஷிஃப்ட் முடித்து வந்த கையோடு செய்ய வேண்டாம். களைத்த கை கற்றுக்கொள்வது தப்பைத்தான். சொந்தத் துப்பாக்கி இல்லையா? வெளிநாட்டுப் போட்டித் துப்பாக்கிகள் லட்சத்தைத் தாண்டும் என்பதால் இது சகஜம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டிப் பிடித்துத் தோளைப் பழக்கலாம்.

எல்லா துப்பாக்கியிலும் செய்யலாமா?

கூடாது. ஸ்பிரிங் வகை ஏர் பிஸ்டலில் பெல்லட் இல்லாமல் அழுத்தினால், உள்ளே பிஸ்டன் போய் மோதி சீல் கெட்டுவிடும். காற்று சிலிண்டர் உள்ள போட்டித் துப்பாக்கிகள் பலவற்றில் டிரை ஃபயருக்கென்றே தனி வசதி உண்டு. .22 பிஸ்டலில் டம்மி தோட்டா இல்லாமல் செய்தால் ஃபயரிங் பின் உலோகத்தில் அடித்துத் தேயும். கையேட்டைப் பார்த்துவிட்டு, கோச்சிடமும் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

பாதுகாப்பு, சட்டம்

துப்பாக்கி காலி என்பதைக் கண்ணால் பார்த்து, இன்னொரு முறையும் பாருங்கள். பெல்லட் டப்பா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. குறி பார்ப்பது கெட்டிச் சுவரை மட்டும். கதவு, ஜன்னல் பக்கம் வேண்டவே வேண்டாம். குழந்தைகள் உள்ள வீட்டில் அறையைத் தாழிடுங்கள். பயிற்சி முடிந்ததும் துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டுங்கள். ‘இன்னும் ஒண்ணு மட்டும்’ என்று திரும்ப எடுக்கும்போதுதான் விபத்து நடக்கும்.

ஆயுத விதிகள் 2016-இன்படி, 4.5 மி.மீ. அளவுக்கும் 20 ஜூல் சக்திக்கும் மேற்படாத ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் தேவையில்லை. .22 பிஸ்டலுக்குக் கட்டாயம் தேவை. அதை எடுத்துக்கொண்டு ஜூஜூவாடி தாண்டிக் கர்நாடகாவுக்குள் போவதாக இருந்தால், லைசென்ஸ் அங்கே செல்லுமா என்று முன்கூட்டியே பாருங்கள்.

லைசென்ஸ் தேவையில்லாத ஏர் பிஸ்டல் என்றாலும், பில்லையும் கிளப் அட்டையையும் பெட்டியிலேயே வையுங்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் நாட்டுத்துப்பாக்கி வழக்குகள் செய்தியாகும் மாவட்டம் இது. மொட்டை மாடியில் நின்று பிஸ்டலை நீட்டினால், பக்கத்து வீட்டுக்காரர் 100-க்குத்தான் போன் போடுவார்.