தலையில் வெட்டு வாங்கிய தங்கக் காசுகள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் கறம்பக்குடி பக்கம் கருக்காக்குறிச்சி என்று ஒரு ஊர். 1898-ஆம் ஆண்டு அங்கே ஒரு புதையல் கிடைத்தது. சாதாரணப் புதையல் இல்லை, ரோமாபுரித் தங்கக் காசுகள். எண்ணிப் பார்த்தால் மொத்தம் 501!

அகஸ்டஸ் காலத்துக் காசில் தொடங்கி வெஸ்பாசியன் (கி.பி. 69 - 79) காலத்துக் காசு வரை அதில் இருந்தன. இங்கிலாந்தின் நாணய ஆய்வாளர் ஜி.எஃப். ஹில் அவற்றைப் பார்த்து அதே 1898-இல் கட்டுரை எழுதினார். அதிலிருந்து உலகம் முழுக்க நாணயம் படிப்பவர்களுக்கு "புதுக்கோட்டைப் புதையல்" என்ற பெயர் தெரியும். நம்ம ஊர்க்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

இந்தப் புதையலில் ஒரு விசித்திரம் உண்டு. பத்தில் ஒன்பது காசுக்கும் மேல், சக்கரவர்த்தியின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டிய வெட்டு! ஏதோ கோபத்தில் ஒன்றிரண்டை வெட்டியது போல் இல்லை. உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து, பொறுமையாக வெட்டியிருக்கிறார்கள்.

ஏன் வெட்டினார்கள்?

ஹில் ஒரு விஷயத்தைக் கவனித்தார். வெட்டுப்பட்டவை தேய்ந்த காசுகள். நல்ல நிலையில் இருந்த காசுகள் வெட்டுப்படாமல் தப்பித்திருந்தன. ஆகவே, எடை குறைந்த காசு மறுபடி காசாகப் புழங்கக் கூடாது என்று யாரோ பொறுக்கி எடுத்துக் குறி போட்டிருக்கிறார்கள் என்பது அவருடைய கருத்து. வெட்டியதால் தங்கம் எங்கும் போய்விடாது. உலோகமாக விற்கலாம், உருக்கலாம். ஆனால் "இது முழு எடைக் காசு" என்று சொல்லி யார் தலையிலும் கட்ட முடியாது.

வேறு விளக்கங்களும் இருக்கின்றன. அந்நிய அரசனின் முகத்தோடு காசு புழங்குவது இங்கே ஆண்டவர்களுக்குப் பிடிக்கவில்லை என்பது ஒன்று. உள்ளே வேறு உலோகம் வைத்து மேலே தங்கம் பூசியிருக்கிறதா என்று சோதித்தார்கள் என்பது இன்னொன்று. எதுவாக இருந்தாலும், ஒவ்வொரு காசையும் யாரோ கையில் எடுத்துப் பார்த்து ஒரு தீர்ப்பு சொல்லியிருக்கிறார்கள். ஹில் சொன்னதுதான் காரணம் என்றால், இன்றைக்கு அமெரிக்காவில் பெரிய பெரிய கம்பெனிகள் செய்கிற "காயின் கிரேடிங்" வேலையைக் கிட்டத்தட்ட 1900 வருடங்களுக்கு முன்பே இந்த மண்ணில் ஒருவர் உளியோடு செய்து முடித்திருக்கிறார்!

எடை மேல் இருந்த நம்பிக்கை

ரோமாபுரியின் செல்வம் ஆண்டுதோறும் இந்தியாவுக்குப் போகிறதே என்று பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர் புலம்பியிருக்கிறார். அவரே சொல்லும் இன்னொரு கதையும் உண்டு. புயலில் சிக்கி இலங்கைக்கு வந்து சேர்ந்த ஒரு ரோமானியரிடம் இருந்த வெள்ளிக் காசுகளை அந்த நாட்டு அரசன் பார்த்தானாம். வேறு வேறு அரசர்களின் முகம், ஆனால் எல்லாம் ஒரே எடை. அதைப் பார்த்தே ரோமானியர்கள் நேர்மையானவர்கள் என்று முடிவு கட்டினானாம்.

ஆனால் நீரோ மன்னன் கி.பி. 64 வாக்கில் அந்த எடையிலேயே கை வைத்தான். ஒரு பவுண்டு தங்கத்தில் 40 காசு அடித்தது போய் 45 காசு அடிக்க ஆரம்பித்தார்கள் என்று பிளினியின் கணக்கு சொல்கிறது. கடல் தாண்டி இருந்த வியாபாரிக்கு இது என்ன சொல்லும்? அரசன் முகத்தை நம்பாதே, தராசை நம்பு!

தமிழ்நாட்டில் அப்படித் தராசை நம்பியவர்களுக்கு ஒரு பெயரே இருந்தது. வண்ணக்கன் என்றால் நாணயம் பரிசோதிப்பவன். சங்கப் புலவர்களில் வடவண்ணக்கன் தாமோதரனார் போன்ற சிலர் அந்தத் தொழில் பெயரோடேயே அறியப்படுகிறார்கள். பிற்காலத்தில் நோட்டக்காரர், சராப்பு என்று பெயர் மாறியது. உரைகல்லும் தராசும் மாறவில்லை.

அம்மன் காசு

புதுக்கோட்டைக்கு இன்னொரு காசுக் கதையும் உண்டு. தொண்டைமான் மன்னர்கள் வெளியிட்ட செப்புக் காசுதான் அம்மன் காசு. ஒரு பக்கம் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள், மறு பக்கம் தெலுங்கில் "விஜய" என்ற எழுத்து. 20 காசு சேர்ந்தால் ஒரு அணா. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து இந்தக் காசும் தானமாகக் கொடுக்கப்பட்டது. 1948-இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததும் அதன் கதை முடிந்தது.

அந்தக் காலத்தில் அம்மன் காசை யாரும் உரசிப் பார்த்திருக்க மாட்டார்கள். 320 சேர்ந்தால்தான் ஒரு ரூபாய், இதில் ஏமாற்ற என்ன இருக்கிறது? இன்றைக்கு அதையே சேகரிப்பாளர் காசு கொடுத்து வாங்குகிறார். உடனே பழைய கேள்வி திரும்பி வருகிறது. அசலா, போலியா? அசல் என்றால் எந்த நிலையில் இருக்கிறது?

70 மார்க் பரீட்சை

இதற்குப் பதில் சொல்லத்தான் கிரேடிங் கம்பெனிகள் வந்தன. 1949-இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் பழைய செப்பு சென்ட் காசுகளுக்கு 1 முதல் 70 வரை மார்க் போடும் முறையைக் கொண்டுவந்தார். 70 மார்க் காசு 1 மார்க் காசைப் போல 70 மடங்கு விலை போகும் என்பது அவர் கணக்கு. விலைக் கணக்கு சீக்கிரமே பொய்த்துப் போனது, மார்க் மட்டும் நிலைத்துவிட்டது. 1986-இல் பி.சி.ஜி.எஸ்., 1987-இல் என்.ஜி.சி. என்ற கம்பெனிகள் காசைப் பார்த்து மார்க் போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடித் தர ஆரம்பித்தன.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இதன் காரணம் எளிதாகப் புரியும். ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாவிட்டால், வாங்குபவன் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுக் குறைந்த விலையே கேட்பான். அந்த விலைக்கு நல்ல சரக்கு வைத்திருப்பவன் விற்கமாட்டான், சந்தையை விட்டே போய்விடுவான். கடைசியில் மோசமான சரக்குதான் மிஞ்சும். (இந்த ஆய்வுக்காக 2001-இல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.) மூன்றாவது ஆள் ஒருவர் நடுவில் நின்று சாட்சி சொன்னால் இந்தச் சிக்கல் தீரும்.

ஆனால் அந்த மூன்றாவது ஆளை எப்படி நம்புவது? 70 மார்க் முறை தந்த அதே ஷெல்டன், அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பில் இருந்த நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு மட்டமானவற்றை அந்த இடத்தில் வைத்தவர் என்பது அவர் இறந்த பிறகு வெளியே வந்தது! அளவுகோல் செய்தவர் கையிலேயே அழுக்கு.

எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

முதலில், மார்க் போடுகிறவரே காசு விற்பவராக இருக்கக் கூடாது. கருக்காக்குறிச்சி உளிக்காரர் தன் லாபத்துக்காக நல்ல காசையும் வெட்டித் தள்ளியிருந்தால் அந்த வெட்டுக்கு என்ன மதிப்பு?

இரண்டாவது, கம்பெனி எதற்குப் பொறுப்பு ஏற்கிறது என்று படித்துப் பார்க்க வேண்டும். என்.ஜி.சி.யில் பழங்காலக் காசுகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. அச்சு விழுந்த விதத்துக்கும் மேற்பரப்புக்கும் தனித்தனியாக 5-க்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள். மார்க் போடுவது ஒன்று, அசல் என்று உத்தரவாதம் தருவது வேறு; இரண்டையும் தனித்தனியாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, செலவுக் கணக்கு. சாதாரண அம்மன் காசு ஒன்றுக்கு மார்க் வாங்கும் செலவு காசின் விலையையே தாண்டிவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம்!

நான்காவது, சட்டம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 வருடத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, "மார்க் வாங்கத்தானே அனுப்பினேன்" என்பது பதில் ஆகாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த புதையலின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. இன்றைய கிரேடிங் கணக்கில் தலையில் வெட்டு வாங்கிய காசு ஊனமான காசு, மார்க் குறையும். ஆனால் கருக்காக்குறிச்சிக் காசுகளில் அந்த வெட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ரோமாபுரிச் சரித்திரம் மட்டும்தான். அந்த வெட்டில்தான் நம்ம ஊர்ச் சரித்திரம் இருக்கிறது. அதற்கு எந்தப் பெட்டியிலும் மார்க் கிடையாது.

காசுக்கும் நேர்மைக்கும் தமிழில் ஒரே சொல்தான்: நாணயம். காசை எடை போடும் முன்னால், எடை போடுகிறவரிடம் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.