பிரசங்க ஆயத்தத்தில் ஒரு மனமாற்றம்: லாஸ் காஸாஸும் 1514ஆம் ஆண்டும்

மனமாற்றம் என்றவுடன் திருச்சபை வரலாறு பயில்வோர் நினைவுக்கு வருவன சில நிகழ்ச்சிகளே. தமஸ்குவுக்குச் செல்லும் வழியில் சவுல். 386ஆம் ஆண்டில் மிலான் நகரத் தோட்டமொன்றில் அகுஸ்தீன். 1738 மே 24 அன்று மாலை இலண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில் ஜான் வெஸ்லி. இம்மூன்றிலும் ஒரு குரல் வெளியிலிருந்து வருகிறது. கேட்பவன் கேட்கிறான், அவன் உலகம் மாறிவிடுகிறது. நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சி இவற்றினின்று வேறுபட்டது. வெளியிலிருந்து வந்த குரலை இம்மனிதர் மூன்றாண்டுக் காலம் கேட்டும் கேளாதவராயிருந்தார். பின்னர், பிறருக்குப் பிரசங்கிப்பதற்காகத் தாம் ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோதுதான் அவர் கண்கள் திறந்தன. வாரந்தோறும் அதே பணியைச் செய்கிறவர்கள் நாம் என்பதால், அவர் வரலாறு நம்மை விசேஷமாகத் தொடுகிறது.

பார்த்தொலொமே தே லாஸ் காஸாஸ் ஸ்பெயின் நாட்டின் செவில் நகரில் 1484ஆம் ஆண்டில் பிறந்தவர். பழைய பாடநூல்கள் 1474 என்று கூறும். 1976இல் வெளிவந்த ஆவண ஆய்வு ஒன்று அதனைத் திருத்திற்று. அவர் தந்தை ஒரு வணிகர். 1493இல் கொலம்பஸின் இரண்டாம் பயணத்தில் சென்றவர். திரும்பி வந்தபோது தீவுகளிலிருந்து ஓர் இளைஞனை அடிமையாகக் கொண்டுவந்து மகனுக்கு ஏவலாளாகக் கொடுத்தார். அவ்வாறு கொண்டுவரப்பட்டோரைத் திருப்பி அனுப்புமாறு 1500இல் அரசி இசபெல்லா கட்டளையிட்டதால் அவ்விளைஞன் நாடு திரும்பினான். இரண்டாண்டுகள் கழித்து, 1502இல், லாஸ் காஸாஸும் கடல் கடந்து ஹிஸ்பானியோலாத் தீவை அடைந்தார். அங்கே அவருக்கு நிலமும் கிடைத்தது. நிலத்தில் உழைக்க ஆட்களும் கிடைத்தார்கள்.

அந்த ஆட்கள் கிடைத்த முறையைச் சற்று விளக்க வேண்டும். ‘என்கொமியெண்டா’ என்பது அதன் பெயர். ‘ஒப்படைத்தல்’ என்பதே அச்சொல்லின் பொருள். அரசரின் பெயரால் ஆளுநர் ஒரு ஸ்பானியரிடம் ஐம்பதோ நூறோ ஆதிக்குடிகளை ஒப்படைப்பார். அவர்கள் அவருக்குப் பொன் அரிக்கவும் பயிரிடவும் வேண்டும். அவர் அவர்களுக்குக் கிறிஸ்தவ விசுவாசத்தைப் போதிக்க வேண்டும். சட்டத்தின்படி அவர்கள் அடிமைகளல்லர். நடைமுறையிலோ சுரங்க வேலையிலும் பட்டினியிலும் நோயிலும் மடிந்தார்கள். இலட்சக்கணக்கானோர் வாழ்ந்த அத்தீவில் 1514ஆம் ஆண்டுப் பங்கீட்டின்போது எஞ்சியிருந்தோர் 30,000க்கும் குறைவு. சுவிசேஷம் இந்த ஏற்பாட்டிற்கு ஒரு சாக்காக மட்டும் இருக்கவில்லை. அதன் சட்ட ஆதாரமாகவே இருந்தது என்பதை இறையியல் மாணவர் கவனிக்க வேண்டும். லாஸ் காஸாஸ் குருத்துவம் பெற்ற பின்னும் இந்த ஏற்பாட்டிற்குள்ளேயே வாழ்ந்தார். தம்மிடம் இருந்தவர்களைத் தாம் கொடுமைப்படுத்தவில்லை என்றும், ஆனால் அவர்களுக்குப் போதிப்பதில் மற்றவர்களைப் போலவே தாமும் அக்கறையின்றி இருந்ததாகவும் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

1510இல் தொமினிக்கன் சபைத் துறவிகள் சிலர் அத்தீவுக்கு வந்தார்கள். ஓராண்டுக் காலம் நிகழ்வனவற்றைக் கவனித்தார்கள். பின்னர் எல்லாரும் கூடிப் பேசி, ஒரு பிரசங்கத்தை எழுதி, எல்லாரும் அதில் கையொப்பமிட்டு, அந்தோனியோ தே மொந்தேசினோஸ் என்பவரிடம் கொடுத்தார்கள். 1511ஆம் ஆண்டு வருகையின் நான்காம் ஞாயிறான டிசம்பர் 21 அன்று, கூரை வேய்ந்த ஆலயத்தில், கொலம்பஸின் மகன் தியேகோ உட்பட அதிகாரிகள் அனைவரும் அமர்ந்திருக்க, வனாந்தரத்தில் கூப்பிடும் சத்தத்தைப் பற்றி அவர் பேசினார். எந்த நீதியின்படி இம்மக்களை இவ்வாறு நடத்துகிறீர்கள், இவர்கள் மனிதரல்லரா என்று கேட்டார். சபையார் கொதித்தெழுந்தனர். மறு ஞாயிறு அவர் தம் சொற்களைத் திரும்பப் பெறுவார் என்று எதிர்பார்த்து ஆலயம் நிரம்ப வந்தனர். அவரோ முன்னிலும் கடுமையாகப் பேசி, இத்தகையோருக்குப் பாவமன்னிப்புக் கூறுவதில்லை என்றும் அறிவித்துவிட்டார்.

லாஸ் காஸாஸ் அப்போது அத்தீவில் வாழ்ந்தவர். அப்பிரசங்கத்தின் சாரம் இன்று நமக்குக் கிடைத்திருப்பதும் அவர் எழுதி வைத்ததாலேயே. எனினும் அது அவரை அசைக்கவில்லை. பாவ அறிக்கை செய்யச் சென்ற அவரை ஒரு தொமினிக்கன் துறவி, ஆதிக்குடிகளை வைத்திருக்கும்வரை மன்னிப்பு இல்லை என்று திருப்பி அனுப்பினார். கற்றறிந்த குருவானவர் வாதாடினார். சத்தியத்துக்கு எதிரிகளும் பொய்க்குத் துணைவரும் எப்போதும் மிகுதியே என்னும் பொருள்படத் துறவி விடையளித்தார். லாஸ் காஸாஸ் அவரை மரியாதையோடு வணங்கினார், ஆட்களை விடவில்லை.

அடுத்து நிகழ்ந்தது இதனினும் வியப்புக்குரியது. கியூபாத் தீவைக் கைப்பற்றச் சென்ற படையோடு அவர் குருவாகச் சென்றார். வழியில் ஓர் உலர்ந்த ஓடையில் சாணைக்கல்லுக்கு ஏற்ற கற்கள் கிடக்கக் கண்ட வீரர்கள் தங்கள் வாள்களைத் தீட்டிக்கொண்டார்கள். அன்று மாலை கவோனாவோ என்னும் ஊரில், குதிரைகளை வேடிக்கை பார்க்கக் குந்தியிருந்த மக்கள்மீது காரணம் ஏதுமின்றி அவ்வாள்கள் பாய்ந்தன. ஆண், பெண், குழந்தை, முதியோர் என்று பாராமல் வெட்டினார்கள். படைத்தலைவன் நார்வாயெஸ் குதிரைமேல் அசையாமல் அமர்ந்திருந்து, நம்மவர் செய்ததைப் பற்றி என்ன நினைக்கிறீர் என்று குருவிடம் கேட்டான். உன்னையும் அவர்களையும் பிசாசுக்கே ஒப்புக்கொடுக்கிறேன் என்று அவர் சீறினார். காயமுற்றோரைக் காக்க ஓடினார். சாகிறவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். இவையெல்லாம் உண்மை. படையெடுப்பு முடிந்தபின், தம் ஊழியத்துக்கு வெகுமதியாக, அரிமாவோ ஆற்றங்கரையில் நல்ல நிலத்தையும் அதனோடு சேர்ந்த ஆதிக்குடிகளையும் அவர் ஏற்றுக்கொண்டார் என்பதும் உண்மை.

கொலையைக் கண்டு கொதிக்கிற மனமும், கொலையால் விளைந்த நிலத்தை அனுபவிக்கிற மனமும் ஒரே மனிதனிடம் முரணின்றி வாழ முடிந்தது. கொடுமை என்பது வாளை ஓங்குகிறவர்கள் செய்வது. தாம் நல்ல எசமானர் என்பதே அவர் எண்ணம். இரக்கம் அவரிடம் குறைவாக இருக்கவில்லை. தம் வீட்டு அப்பம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி ஒன்றுதான் அவருக்குள் எழவில்லை.

1514ஆம் ஆண்டு பெந்தெகொஸ்தே திருநாள் நெருங்கியது. தீவில் குருமார் மிக அரியர். ஸ்பானியக் குடியேற்றத்தாருக்குத் திருப்பலி நிறைவேற்றிப் பிரசங்கிக்க வேண்டியிருந்ததால், லாஸ் காஸாஸ் தம் பழைய பிரசங்கங்களைப் புரட்டத் தொடங்கினார். (பழைய பிரசங்கத்தைத் தூசிதட்டும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று.) அப்போது சீராக் ஆகமத்தின் 34ஆம் அதிகாரம் அவர் கண்ணில் பட்டது. அநியாயமாய்ச் சேர்த்த பொருளிலிருந்து கொடுக்கப்படும் காணிக்கை தேவனுக்கு ஏளனமே என்றும், ஏழைகளின் உடைமையிலிருந்து பலி செலுத்துகிறவன் தந்தையின் கண்முன்னே மகனைக் கொல்பவனுக்கு ஒப்பானவன் என்றும், கூலியைப் பறிப்பது இரத்தம் சிந்துவதே என்றும் அப்பகுதி கூறுகிறது.

இந்நூல் நம் வேதாகமத்தில் இல்லை. தள்ளுபடி ஆகமங்கள் என்று நாம் ஒதுக்கிய தொகுப்பில் அது சேர்ந்தது. ஆயினும் தரங்கம்பாடி லுத்தரன் மிஷனரிகள் அத்தொகுப்பையும் தமிழாக்கி 1728இல் அச்சிட்டார்கள். விசுவாசத்துக்கு ஆதாரமாக அன்று, வாசித்துப் பயனடைவதற்காக என்று லுத்தர் அந்நூல்களுக்கு அளித்த இடம், நம் சபைகளில் நடைமுறையில் மறைந்தே போயிற்று. வாசித்துப் பயனடைந்த ஒருவரை இங்குக் காண்கிறோம்.

அவ்வசனங்கள் அவரை ஏன் தாக்கின? அவை கொடுங்கோலரைப் பற்றிப் பேசவில்லை. பலி செலுத்துகிறவனைப் பற்றிப் பேசின. பீடத்தில் அவர் தம் கையால் உயர்த்தும் அப்பத்தைப் பற்றிப் பேசின. மொந்தேசினோஸின் குரலைக் குடியேற்றத்தாருக்கு உரியதென்று ஒதுக்க முடிந்தது. துறவியின் மறுப்பை இறையியல் வாதத்தால் எதிர்கொள்ள முடிந்தது. இவ்வசனத்துக்கு முன் அவர் குருவாகவே நின்றார், ஒதுங்க இடமில்லை. இருப்பினும் அவர் அந்த நொடியிலேயே முடிவு செய்துவிடவில்லை. சில நாள்கள் அதையே சிந்தித்தார். முன்பு கேட்ட தொமினிக்கன் போதனைகளெல்லாம் அப்போது ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அன்று முதல், தாம் திறந்த நூல் எதுவாயினும், இலத்தீனிலோ ஸ்பானிய மொழியிலோ, அம்மக்களின் நியாயத்தை மெய்ப்பிக்காத நூலொன்றையும் தாம் கண்டதில்லை என்று அவர் எழுதினார்.

அவர்முன் ஒரு சங்கடம் இருந்தது. தாம் ஆட்களை விட்டுவிட்டால் அவர்கள் விடுதலை பெறமாட்டார்கள். ஆளுநர் வெலாஸ்கெஸ் அவர்களை வேறொருவனிடம் ஒப்படைப்பார். அவன் அவர்களைச் சாகும்வரை வேலை வாங்குவான். அவர்களுக்காகவே அவர்களை வைத்துக்கொள்ளலாமே என்ற நியாயம் வலுவுள்ளதுதான். ஆனால் அவர்களை வைத்துக்கொண்டு அவர் பிரசங்கித்தால், நீரும் வைத்திருக்கிறீரே என்ற ஒரே சொல்லால் கேட்பவர்கள் அவர் வாயை அடைத்துவிடுவார்கள். ஆகவே ஆளுநரிடம் சென்று ஆட்களை ஒப்புக்கொடுத்தார். வியப்புற்ற ஆளுநர் யோசிக்கப் பதினைந்து நாள் தவணை கொடுத்தார். அவர் அதை ஏற்கவில்லை. அஞ்சியபடியே அம்மக்கள் பிறர் கைக்குப் போய் மடிந்தார்கள். லாஸ் காஸாஸின் தூய்மைக்கு அவர்கள் விலை கொடுத்தார்கள் என்று கூறுவோர் உண்டு. அக்குற்றச்சாட்டு முழுவதும் பொய்யென்று சொல்ல நமக்குத் துணிவில்லை.

1514 ஆகஸ்ட் 15 அன்று, பரிசுத்த ஆவியின் பெயரையே தாங்கிய சாங்தி ஸ்பிரிதுஸ் என்னும் குடியேற்றத்தில், மார்த்தாள் மரியாள் பகுதியைக்கொண்டு பிரசங்கித்தபோது, தம் முடிவை அவர் வெளிப்படையாக அறிவித்தார். கேட்டவர்களில் சிலர் கனவு காண்பதாக எண்ணினர். வயலில் உழும் மாட்டைப் பயன்படுத்துவதும் பாவம் என்பதைப்போல் அது அவர்களுக்கு ஒலித்தது. அவருடைய பங்காளி பெத்ரோ தே ரெந்தெரியா அச்சமயம் ஜமைக்காவில் இருந்தார். லெந்து நாள்களில் அங்கொரு பிரான்சிஸ்கன் மடத்தில் தங்கியபோது, இம்மக்களுக்காக ஏதேனும் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவருக்கும் தானாகவே எழுந்திருந்தது. ரெந்தெரியா கொண்டுவந்த பொருள்களை விற்ற பணமே லாஸ் காஸாஸ் ஸ்பெயின் சென்று மன்னரிடம் முறையிடுவதற்கு வழிச்செலவாயிற்று. ரெந்தெரியாவை வரலாறு பெரும்பாலும் மறந்துவிட்டது.

இவையனைத்துக்கும் நமக்குள்ள முதன்மைச் சான்று லாஸ் காஸாஸ் எழுதிய ‘இந்தியத் தீவுகளின் வரலாறு’ என்னும் நூலே. நிகழ்ச்சிக்குப் பல பத்தாண்டுகள் கழித்து, முதுமையில் அவர் அதை எழுதி முடித்தார். அதில் தம்மை ‘நான்’ என்று குறிப்பிடாமல், குருவானவர் காஸாஸ் என்று படர்க்கையிலேயே எழுதுகிறார். முதியவரின் நினைவு தன் இளமையை ஒழுங்குபடுத்தியிருக்கக்கூடும் என்பதை வரலாற்று மாணவன் மறத்தலாகாது. ஆனால் தம்மைப் புகழ்ந்துகொள்ள விரும்புகிறவர், தாம் மூன்றாண்டுகள் செவிடராயிருந்ததை இத்தனை விரிவாக எழுதியிருக்க வேண்டியதில்லை.

பிந்திய ஐம்பதாண்டுகளை விரிக்க இங்கு இடமில்லை. அவர் தொமினிக்கன் துறவியானார். 1542ஆம் ஆண்டின் புதிய சட்டங்களுக்குப் பெருங்காரணமாயிருந்தார். 1544இல் சியாப்பாவின் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். மறு ஆண்டு ஈஸ்டர் காலத்தில், ஆதிக்குடிகளை வைத்திருந்தோருக்குப் பாவமன்னிப்புக் கூறலாகாது என்று தம் குருமாருக்குக் கட்டளையிட்டார். நகரம் கலகத்தில் மூண்டது. தம்மை முன்பு திருப்பி அனுப்பிய அந்தப் பெயரறியாத துறவியின் சொல்லையே அவர் ஒரு மறைமாவட்டத்தின் ஒழுங்காக ஆக்கினார். 1552இல் அவர் வெளியிட்ட சிறு நூலைப் புராட்டஸ்டண்டு நாட்டினர் ஆவலோடு மொழிபெயர்த்தார்கள். டச்சு மொழியில் 1578இலும் ஆங்கிலத்தில் 1583இலும் வெளிவந்த அந்நூல் ஸ்பானியரின் கொடுமைக்குச் சாட்சியாயிற்று. அதனைப் படித்த நாடுகளே சில தலைமுறைகளுக்குள் அட்லாண்டிக் கடலில் அடிமைக் கப்பல்களை ஓட்டின. நம் மரபினருக்கு இது பெருமை தரும் செய்தியன்று.

லாஸ் காஸாஸின் கண்ணும் முழுவதும் திறந்துவிடவில்லை. 1516இல் மன்னரவைக்கு அளித்த விண்ணப்பத்தில், ஆதிக்குடிகளின் சுமையைக் குறைக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று எழுதினார். ஆப்பிரிக்கரும் அதில் அடங்குவர். 1518இலும் அதையே வற்புறுத்தினார். அவ்வாண்டிலேயே 4,000 ஆப்பிரிக்கரைக் கொண்டுசெல்லும் உரிமம் அரசவைப் பிரபு ஒருவருக்கு வழங்கப்பட்டது. ஆப்பிரிக்க அடிமைகள் அதற்கு முன்பே தீவுகளுக்கு வந்துவிட்டனர். ஆகவே அவ்வணிகத்தைத் தொடங்கியவர் அவரே என்பது அவதூறு. ஆனால் அதற்கு அவர் குரல் கொடுத்தது அவதூறன்று. ஏழையின் அப்பத்தைப் பற்றிய அந்த வசனம் ஒரு கரைவரை அவரைக் கொண்டுசென்றது. மறுகரை அவர் பார்வையில் படவில்லை.

அது பட்ட நாளுக்கு எந்தத் தேதியும் இல்லை. போர்த்துக்கீசியர் ஆப்பிரிக்கக் கரையோரம் மக்களைப் பிடித்த விதத்தை அவர்களுடைய ஆசிரியர்களின் நூல்களிலேயே படித்து, சிறிது சிறிதாக அவர் உணர்ந்தார். ஆப்பிரிக்கரின் அடிமைத்தனமும் மற்றவர்களுடையதைப் போலவே அநீதி என்று தம் வரலாற்று நூலில் எழுதினார். தாம் அறியாமல் சொன்னதாகக் கூறிவிட்டு, அந்த அறியாமை தேவனுடைய நியாயத்தீர்ப்பில் தமக்குச் சாக்காகுமா என்று தமக்கே நிச்சயமில்லை என்றும் சேர்த்தார்.

நாற்பதாண்டுகளுக்கு அந்நூலை வெளியிடலாகாது என்ற நிபந்தனையோடு 1559இல் கையெழுத்துப் படியை வல்லதோலித் நகரத் துறவிகளிடம் ஒப்படைத்தார். 1566 ஜூலையில் மத்ரித் நகரில் மரித்தார். நாற்பதாண்டுகள் கடந்தன, முந்நூறாண்டுகளும் கடந்தன. அந்நூலின் முதல் அச்சு மத்ரித்தில் 1875இல் தொடங்கிற்று. அவர் தம் ஆட்களை விடுவதாக அறிவித்த கியூபாவில் ஆப்பிரிக்க அடிமைத்தனம் அப்போதும் சட்டப்படி நிலவிற்று. 1886இல்தான் அது ஒழிக்கப்பட்டது.