கடலடியா, நீரடியா? காவிரியின் வரலாறும் ஓர் உடன்படிக்கையின் தமிழாக்கமும்

தமிழில் பட்டினம் என்பது பெரும்பாலும் கடற்கரை ஊரைச் சுட்டும். பட்டணம் என்பது பொதுவாக நகரத்தைச் சுட்டும். காவிரி கடலோடு கலக்குமிடத்தில் காவிரிப்பூம்பட்டினமும், அதே ஆறு இரு கிளைகளாகப் பிரிந்து சூழும் தீவில் ஸ்ரீரங்கப்பட்டணமும் அமைந்துள்ளன. முன்னதன் பழம்பொருள்கள் கடலுக்கடியிலும், பின்னதன் சுற்றுப்புறத்துப் பழம்பொருள்கள் ஆற்றிலும் நீர்த்தேக்கத்திலும் நீரோடு தொடர்புற்றுள்ளன. இவ்விரு வகையினையும் ஒரே கலைச்சொல் தழுவுமா என்னும் வினா மொழிபெயர்ப்பாளர்க்கு உரியதாகும்.

இந்தியாவில் கடலடித் தொல்லியல் 1980களில் வேரூன்றியது. கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனம் எஸ்.ஆர். ராவ் தலைமையில் துவாரகையிலும், பின்னர்ப் பூம்புகார்க் கடற்பகுதியிலும் ஆய்வு மேற்கொண்டது. பூம்புகாருக்கு அப்பால் கண்டறியப்பட்ட கப்பற் சிதைவில் ஈயக்கட்டிகள் கிடைத்தன. அவற்றில் பிளாக்கெட் என்னும் பெயரும் 1791, 1792 ஆகிய ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருந்தன. மூன்றாம் மைசூர்ப் போர் நடைபெற்று, 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு முடிவுற்றதும் அக்காலத்திலேயே. ஆயினும், ஆண்டின் ஒற்றுமை ஒன்றே கொண்டு அக்கப்பலைப் போரோடு இணைத்தல் பொருந்தாது. பொறிப்பு, கட்டி வார்க்கப்பட்ட காலத்தையே உணர்த்தும். கப்பல் மூழ்கியது 1792க்கு முற்பட்டதன்று என்பது மட்டுமே அதனாற் பெறப்படும். பொருளின் அகவை வேறு. அது நீருள் கிடந்த காலம் வேறு. இவ்வேறுபாடு சட்டமொழியில் பெருஞ்சிறப்புடையது.

நீரடிப் பண்பாட்டு மரபுச்செல்வத்தைப் பாதுகாப்பதற்கான உடன்படிக்கையை யுனெஸ்கோ 2001 நவம்பர் 2இல் ஏற்றுக்கொண்டது. 2009 சனவரி 2இல் அது நடைமுறைக்கு வந்தது. பண்பாட்டு, வரலாற்று அல்லது தொல்லியல் தன்மையுடையனவாய், பகுதியாகவோ முழுமையாகவோ, விட்டுவிட்டோ தொடர்ந்தோ, குறைந்தது 100 ஆண்டுகள் நீரின்கீழ் இருந்துள்ள மனித வாழ்வின் தடயங்கள் அனைத்தும் இச்செல்வமாகும் என அதன் முதல் விதி வரையறுக்கிறது.

இங்கு 100 ஆண்டு என்பது நீரின்கீழ் இருந்த காலத்திற்கு அடையாகும்; பொருளின் பழமைக்கு அடையன்று. இந்தியாவின் 1958ஆம் ஆண்டுத் தொன்மைச் சின்னங்கள் சட்டமும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் பொதுவாகப் பொருளின் அகவையையே 100 ஆண்டு எனக் கணக்கிடுகின்றன. அவ்வழக்கிற் பழகியவர் உடன்படிக்கையையும் 'நூறாண்டுப் பழமையுடைய பொருள்கள்' எனப் பெயர்த்துவிடல் எளிது. அவ்வாறு பெயர்த்தால் நேரும் பிழையைக் கண்ணம்பாடி காட்டும்.

ஸ்ரீரங்கப்பட்டணத்திற்கு மேலே காவிரியின் குறுக்கே கிருஷ்ணராஜசாகர் அணையின் பணி 1911இல் தொடங்கியது. நீர் உயர்ந்தபோது, ஹொய்சளர் காலத்ததாகக் கருதப்படும் கண்ணம்பாடி வேணுகோபாலசுவாமி கோயில் மூழ்கியது. வறட்சிக் காலங்களில் நீர்மட்டம் தாழ்ந்தபோது அது வெளிப்பட்டதும் உண்டு. இந்நூற்றாண்டின் முற்பகுதியில், தனியார் அறக்கட்டளை ஒன்றின் முயற்சியால் அதன் கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, மேட்டுநிலத்தில் மீண்டும் கோயிலாக எழுப்பப்பட்டன. கோயிலின் அகவை பல நூற்றாண்டு. மூழ்கியிருந்த காலமோ நூறாண்டை எட்டவில்லை. பிழைபட்ட தமிழாக்கத்தின்படி அது வரையறைக்குள் அடங்கும், மூலத்தின்படி அடங்காது.

இரண்டாவது இடர் 'நீரடி' என்பதற்கு மாறாகக் 'கடலடி' எனப் பெயர்ப்பதால் விளைவது. கப்பற் சிதைவே ஆய்வாளர் நெஞ்சில் முன்னிற்றலின், கடலடி என்னும் ஆட்சி இயல்பாக அமைந்துவிடுகிறது. மூலத்தின் வரையறையோ நீர் என்றே கூறும். மேலும், கடல்சாராத உள்நாட்டு நீர்நிலைகளுக்கும் உடன்படிக்கையின் பின்னிணைப்பிலுள்ள நெறிகள் பொருந்தும் என ஒரு நாடு அறிவிக்கலாம் என்று 28ஆம் விதி இடமளிக்கிறது. ஆகவே ஆறும் ஏரியும் தாமாக உட்படுவதில்லை. விரும்பும் நாடு உட்படுத்தலாம். கடலடி எனப் பெயர்த்தால் 28ஆம் விதி தனக்குரிய பெயர்ச்சொல்லோடே முரண்படும். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1804இல் நிறைவுற்ற வெல்லெஸ்லி பாலத்தின் கல்தூண்கள் இருநூறாண்டுகளுக்கு மேலாகக் காவிரியில் நிற்கின்றன. பகுதியாக நீரின்கீழ் இருத்தல் என்னும் தொடருக்கு அவை தக்க சான்று. கடலடி என்னும் சொல்லுக்கோ அவை முற்றிலும் புறம்பானவை.

இருந்த இடத்திலேயே பாதுகாத்தலை முதல் தெரிவாகக் கருதவேண்டும் என்னும் தொடரும் கருதத்தக்கது. முதல் என்பது இங்கு ஆராயும் வரிசையைக் குறிக்கும். 'இடம்பெயர்த்தல் கூடாது' எனப் பெயர்ப்பின் நெறி தடையாகிவிடும். 'இயன்றவரை' எனத் தளர்த்தின் நெறி வெறும் விருப்பமாகிவிடும்.

நீரடிப் பொருள்களை முதலிற் காண்பவர் பெரும்பாலும் சட்டம் கற்றவரல்லர். வலையில் பொருள் சிக்கும் மீனவரும், வற்றிய நீர்த்தேக்கத்தில் நடக்கும் உழவருமே ஆவர். அவர்களை எட்டும் அறிவிப்புகளும் கையேடுகளும் தமிழிலோ கன்னடத்திலோ அமைதல் வேண்டும். கடலடி என்பதைக் கடலிற் கிடைத்தவற்றுக்கு மட்டும் உரிய உட்பிரிவாக நிறுத்தி, நீரடி என்பதைப் பொதுச்சொல்லாக ஆளுதல் தகும். அவ்வாறு ஆண்டால் பூம்புகாரின் ஈயக்கட்டியும் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் கல்தூணும் ஒரே சொல்லின்கீழ் அடங்கும்.