வீழ்ந்த குதிரையும் அருகில் நிற்போரும்: அவசரகாலக் குதிரைப் பேணலறிவின் சமூக வரலாறு பற்றிய ஒரு நோக்கு

குதிரையின் வரலாறு பெரும்பாலும் அதன்மீது அமர்ந்திருந்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மன்னரும் தளபதிகளும் பந்தயக் குதிரைகளின் உரிமையாளரும் ஏடுகளில் இடம்பெற்றனர். லாயத்தைத் துப்புரவு செய்தோரும், லாடம் அடித்தோரும், குதிரை வீழ்ந்தபோது முதலில் ஓடிச் சென்றோரும் பெயரற்றோராயினர். இன்று மேலைநாடுகளில் நடைபெறும் குதிரையேற்றப் போட்டிகளில் அவ்வாறு முதலில் ஓடிச் செல்பவர் பெரும்பாலும் ஊதியம் பெறாத ஒரு தொண்டரேயாவர். அவருக்கு எத்தகைய பயிற்சி அளிக்கப்பட வேண்டும் என்பது நிர்வாகம் சார்ந்த சிறு வினாவன்று. அறிவு யாருடைய கைகளில் இருக்கவேண்டும் என்னும் நீண்ட வரலாற்று வினாவின் ஒரு கூறே அது என்பதை இக்கட்டுரையில் நாம் எடுத்துக்காட்ட முயல்வோம்.

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஐரோப்பாவில் குதிரைகளின் நோய், காயம் என்பன பற்றிய அறிவு பெருமளவுக்கு லாடம் அடிப்போரிடமும் லாயப் பணியாளரிடமுமே இருந்தது. கூர்மையான அனுபவமும் மூடநம்பிக்கையும் கலந்திருந்த அவ்வறிவு வாய்மொழியாகவும் கைப்பழக்கமாகவும் தலைமுறை தலைமுறையாகக் கையளிக்கப்பட்டது. 1761இல் பிரான்சின் லியோன் நகரில் மிருக வைத்தியக் கல்லூரியொன்றை நிறுவுவதற்குக் குளோட் பூர்ஜெலா என்பார் அரச அனுமதி பெற்றார். அடுத்த ஆண்டில் அக்கல்லூரி இயங்கத் தொடங்கிற்று. பூர்ஜெலா குதிரையேற்றப் பயிற்சிக் கழகமொன்றின் தலைவராக இருந்தவர். எனினும், அரசு அவருக்கு ஆதரவளித்தமைக்குக் கால்நடைகளை அழித்துவந்த கொள்ளைநோயே முக்கிய காரணமாகும். இலண்டனில் 1791இல் மிருக வைத்தியக் கல்லூரி தோன்றியது. 1789இல் இறந்த எக்லிப்ஸ் என்னும் புகழ்பெற்ற பந்தயக் குதிரையின் உடலை அறுத்து ஆராய்ந்த சான்பெல் என்ற பிரெஞ்சுக்காரரே அதன் முதற் பேராசிரியர் ஆவார். உயர்குடியினரின் பந்தய ஆர்வமும் வேளாண்மை மேம்பாட்டை நாடியோரின் முயற்சியும் அதன் தோற்றத்தில் இணைந்திருந்தன. இவ்வாறு அறிவு நெறிப்படுத்தப்பட்டது. ஆனால் அதேவேளையில் அது லாயத்தை விட்டு விலகவும் செய்தது. குதிரையுடன் நாள்முழுதும் நின்றவன் அறியாதவனாகவும், அழைத்தால் வருபவர் அறிந்தவராகவும் கருதப்படும் நிலை உருவாயிற்று.

இந்த இடைவெளியின் விளைவு கைத்தொழில் நகரங்களிற் புலப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் நகரத்தின் சுமைகளையும் மக்களையும் இழுத்துச் சென்றது குதிரையே. கல் பதித்த வீதிகளில் அவை வழுக்கி வீழ்வது அன்றாடக் காட்சியாக இருந்தது. வீழ்ந்த குதிரையைச் சவுக்கால் அடித்து எழுப்புவதே வண்டியோட்டி அறிந்த ஒரே வழியாயிற்று. அவனைக் கொடியவன் என்று மட்டும் கூறி அமைந்துவிடுதல் சரியன்று. கூலியும் நேரமும் அவனை நெருக்கின. வேறு வழியை அவனுக்கு எவரும் கற்பிக்கவுமில்லை. 1866இல் நியூயோர்க்கில் ஹென்றி பேர்க் என்பார் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவினார். அச்சங்கம் 1867இல் குதிரைகளுக்கான நோயாளர் வண்டியைச் சேவையில் ஈடுபடுத்தியது. மருந்து கொடுப்பது வேறு, வீழ்ந்த விலங்கைத் தீங்கின்றித் தூக்கி அகற்றுவது வேறு என்பதும், பின்னையது தனியாகக் கற்கவேண்டிய தொழில் என்பதும் இதன்மூலம் ஏற்றுக்கொள்ளப்பட்டன எனலாம்.

இவ்வுண்மையை அரசுகள் உணர்வதற்குப் போர்கள் தேவைப்பட்டன. 1899 முதல் 1902 வரை நடைபெற்ற தென்னாபிரிக்கப் போரில் பிரித்தானியப் படை 3 இலட்சத்துக்கு மேற்பட்ட குதிரைகளை இழந்தது. அவற்றுட் பெரும்பாலானவை எதிரியின் குண்டுக்கு இரையானவை அல்ல. நீண்ட கடற்பயணத்தின் பின் ஓய்வு வழங்கப்படாமையும், தீவனப் பற்றாக்குறையும், அளவுமீறிய சுமையும், குதிரையைப் பேணத் தெரியாதவர் கையில் அது ஒப்படைக்கப்பட்டமையும் அவற்றைக் கொன்றன. இப்பேரிழப்பின் பின்னணியிலேயே 1903இல் இராணுவ மிருக வைத்தியப் படையணி அமைக்கப்பட்டது. முதலாம் உலகப் போரின்போது பிரான்சில் இயங்கிய பிரித்தானியப் படையின் குதிரை வைத்தியசாலைகளில் 7 இலட்சத்துக்கு மேற்பட்ட விலங்குகள் சிகிச்சை பெற்றன. அவற்றுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குணமடைந்தன. பட்டம் பெற்ற வைத்தியர்களால் மட்டும் இது நிகழ்ந்திருக்க முடியாது. காயத்தைக் கழுவவும், கட்டுப்போடவும், குதிரையை அமைதிப்படுத்தி அழைத்துச் செல்லவும் பயிற்றப்பட்ட சாதாரண வீரரின் உழைப்பே அதற்கு அடித்தளமாயிற்று. குணமடைந்த குதிரைகள் மீண்டும் போர்முனைக்கே அனுப்பப்பட்டன என்பதையும் நாம் மறத்தலாகாது. கருணையும் பயன்பாடும் ஒன்றையொன்று பிரியாமல் நின்ற வரலாறு இது.

இன்றைய குதிரையேற்றப் போட்டிகளுட் கடினமானதாகிய மும்முறைப் போட்டி இந்த இராணுவ மரபிலிருந்தே கிளைத்தது. நெறிப்பட்ட நடை, நாட்டுப்புற ஓட்டம், தடைதாண்டல் ஆகிய மூன்றும் படைக்குதிரையின் தகுதியைச் சோதிப்பதற்காக வகுக்கப்பட்டவை. 1912இல் ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் முதன்முறை இடம்பெற்றபோது இராணுவ அதிகாரிகளே இதிற் பங்குபற்றினர். இரண்டாம் உலகப் போரின் பின்னர் குடிமக்களும் பெருமளவில் இதனுள் புகுந்தனர். இங்கிலாந்தில் 1949இல் பட்மின்டன் என்னுமிடத்தில் தொடங்கிய ஆண்டுப் போட்டி இம்மாற்றத்துக்குத் தக்க சான்றாகும். நாட்டுப்புற ஓட்டத்தின் பாதை பல கிலோமீற்றர் நீளமானது. தடைகள் வயலிலும் நீரிலும் மரச்செறிவிலும் சிதறிக் கிடப்பவை. ஒவ்வொரு தடையருகிலும் ஒரு மிருக வைத்தியரை நிறுத்துதல் இயலாது. முன்னர் படைவீரர் செய்த பணியை உள்ளூர்த் தொண்டர் ஏற்றனர். பணி கைமாறியபோது பயிற்சியும் உடன் கைமாறியதா என்பதே இங்கு எழும் வினா.

1992இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் வெப்பத்தினாற் குதிரைகள் களைத்துத் தளர்ந்தமை கடுங் கண்டனத்துக்குள்ளானது. அடுத்த போட்டி அதனிலும் வெப்பமும் ஈரப்பதனும் மிக்க அத்திலாந்தாவில் 1996இல் நடைபெறவிருந்தது. ஆகவே பல நாடுகளில் ஆய்வுகள் மேற்கொள்ளப்பட்டன. 2020இல் மூடப்பட்ட, இங்கிலாந்தின் நியூமார்க்கெட் பகுதியில் இயங்கிய விலங்கு நல ஆய்வு நிறுவனம் அவற்றில் முக்கிய பங்கு வகித்தது. வெப்பமுற்ற குதிரையின் பெருந்தசைகளிற் குளிர்நீர் பட்டால் தசை இறுகிப்போகும் என்பது நெடுங்கால நம்பிக்கை. குளிர்நீரைத் தாராளமாக உடலெங்கும் ஊற்றுவதே உடல்வெப்பத்தை விரைந்து தணிக்கும் வழி என்பதையும், அதனால் அத்தீங்கு விளைவதில்லை என்பதையும் ஆய்வுகள் காட்டின. அத்திலாந்தாவில் ஓட்டத்தின் தூரம் குறைக்கப்பட்டது, ஓய்விடங்கள் கூட்டப்பட்டன, நீர்த்துளி தூவும் விசிறிகள் நிறுவப்பட்டன. ஆய்வுகூடத்தின் முடிவு வாளியேந்திய கைகளைச் சென்றடைந்த வேளையிலேயே அது குதிரையின் உயிரைக் காப்பதாயிற்று.

தொண்டர் கற்கவேண்டியவை பலவல்ல. ஆயின் அவை முன்கூட்டியே கற்கப்படவேண்டியவை. விபத்து நேர்ந்தவுடன் பின்னால் வரும் குதிரையை நிறுத்தச் செய்தல் முதற் கடமை. மனிதருக்கும் குதிரைக்கும் வெவ்வேறு ஆட்கள் பொறுப்பேற்றல் வேண்டும். வீழ்ந்து கிடக்கும் குதிரையைக் கால்களின் பக்கமாக அன்றி முதுகுப் பக்கமாகவே அணுகவேண்டும். அது எழ முயலும்போது உதைக்கும் கால் ஆளைக் கொல்லவும் கூடும். தடையிற் சிக்கியதைத் தலையையோ வாலையோ காலையோ பற்றி இழுத்தலாகாது. எலும்பு முறிந்ததென ஐயுறின் நடத்தலாகாது. தப்பியோடும் குதிரையைத் துரத்துதல் அதன் அச்சத்தை மேலும் வளர்க்கும். வாயில்களை அடைத்து அமைதியாகக் காத்திருத்தலே பயன்தரும். மறைப்புத் திரையை விரித்துக் கூட்டத்தை விலக்கவேண்டும். உயிரை முடிக்கும் முடிவு மிருக வைத்தியருக்கே உரியது. தொண்டர் அதுபற்றி ஊகங்கூறலும் தகாது. இவற்றைத் தாளில் வாசித்தல் போதாது. உண்மைக் குதிரையின் எடையுள்ள பொம்மையைக் கொண்டோ, போட்டிக்கு முன்னரான ஒத்திகை மூலமோ, உடல் பழகும்வரை செய்து பார்த்தல் அவசியம். கலவரமான கணத்தில் மனம் மறப்பதைப் பழகிய கை செய்யும்.

இவ்விடத்தில் ஒரு முரண்பாட்டைச் சுட்டுதல் வேண்டும். பெருஞ்செல்வம் புழங்கும் இவ்விளையாட்டு ஊதியமற்ற உழைப்பின்மீது நிற்கின்றது. தொண்டு என்னும் சொல்லின் உயர்வைக் காட்டி, பயிற்சிக்கான செலவையும் பாதுகாப்புக்கான பொறுப்பையும் தட்டிக்கழித்தல் நியாயமாகாது. பயிற்சியற்ற ஒருவரைத் தடையருகே நிறுத்துதல் குதிரைக்கு மட்டுமன்றி அவருக்கும் இழைக்கப்படும் அநீதியாகும். தவறு நிகழ்ந்தபின் அவரையே குற்றவாளியாக்குதல், நியூயோர்க்கின் வண்டியோட்டியைக் கொடியவன் என்று மட்டும் கூறி முடித்ததற்கு ஒப்பானதே.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓருண்மை தெளிவாகின்றது. கல்லூரிகளும் ஆய்வுகளும் அறிவைப் பெருக்கின. ஆனால் அவ்வறிவு அருகில் நிற்போரிடம் பகிரப்பட்ட காலங்களிலேயே இறப்புகள் குறைந்தன. வைத்தியர் வந்து சேரும்வரையுள்ள சில நிமிடங்கள் எந்த நூற்றாண்டிலும் சாதாரண மனிதருக்கே உரியவையாக இருந்துள்ளன. அந்நிமிடங்களுக்கு அவரை ஆயத்தப்படுத்துதல் போட்டியை நடத்துவோர் வழங்கும் சலுகையன்று. அவர்கள் நிறைவேற்றவேண்டிய கடமையாகும்.